முப்பது நாள் பில்லும் எட்டு லட்சமும்

இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில்தான்: 1904-ல், திருவள்ளூரை அடுத்த திரூரில். இன்று கோயம்பேட்டை நம்பிக் காய்கறி போடும் ஊர்களில், விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வந்துவிட்டன. கைமுதல் சிக்கல் மட்டும் தீரவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 400 பேர், ஆளுக்கு ₹1,000 பங்கு என்றால் 4 லட்சம். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுத் திட்டப்படி, போட்ட பங்குக்கு ஈடாக மானியம் உண்டு; உறுப்பினருக்கு ₹2,000, நிறுவனத்துக்கு ₹15 லட்சம் உச்சவரம்பு. ஆக மொத்தம் 8 லட்சம். தினம் 2 டன் காய், கிலோ சராசரி ₹20 என்றால் கொள்முதலுக்கு ₹40,000 வேண்டும். வாங்குகிற கடை 30 நாள் கழித்துப் பணம் தந்தால் இருபதாவது நாளே கை வறண்டுவிடும். பட்டுவாடா நின்ற மறுநாள் காய் மண்டிக்குப் போகும். அந்த விவசாயியைக் குறை சொல்ல முடியாது. விதைக்கும் முன்பே முன்பணம் கொடுத்தவர் மண்டிக்காரர்.

அதே கடை 10 நாளில் தந்தால் 4 லட்சமே போதும். விலை பேசும்போதே கெடுவையும் பேச வேண்டும். வெளியில் நிற்கும் பாக்கி 12 லட்சத்திலிருந்து 4 லட்சமாகி, 8 லட்சம் குறைகிறது. அதை 12% வட்டிக்கு வாங்கினால் மாதம் ₹8,000. மாதம் 60 டன்னில் அது கிலோவுக்குப் பதிமூன்று காசு. அதற்குள் விலையை விட்டுக்கொடுத்துப் பத்து நாள் கெடு வாங்கினால் நமக்கே லாபம்.

பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு வழி பிடித்தம். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பிறகு பணமாகவோ பொருளாகவோ பங்காகவோ தர நிறுவனச் சட்டமே இடம் கொடுக்கிறது. விவசாயிக்குத் தரும் கொள்முதல் சீட்டு இப்படி இருக்கட்டும்: கத்தரி 42 கிலோ, கழிவு 3, நிகரம் 39, விலை ₹24, தொகை ₹936, பிடித்தம் 5% ₹46.80, கையில் ₹889.20. மேலே சொன்ன கொள்முதலில் இது தினம் ₹2,000. மாதம் 26 நாள் வைத்தால் ஆறு மாதத்தில் 3 லட்சத்துக்கு மேல் சேரும், வட்டியில்லாமல். ஆனால் கழிவை விவசாயியின் கண்ணெதிரே எடை போட வேண்டும். திருப்பித் தரும் தேதியை முன்பே சொல்லி, அன்றைக்கே தர வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த பருவத்தில் யாரும் பிடித்தத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள். இந்தப் பணத்தில் கட்டடம் கட்டவே கூடாது.

பங்குப் பணம் அதிகம் முடங்குவது, நிறுவனத்தின் உரக்கடையில் உறுப்பினருக்குத் தரும் கடனில். உறுப்பினருக்கு ஆறு மாதம் வரை கடன் தரலாம் என்று சட்டம் சொன்னாலும், விளைச்சல் பொய்த்தால் வசூல் ஆகாது. முன்பதிவு செய்து பணம் கட்டியவர்களுக்கு மட்டும் மூட்டை இறக்குவதே பாதுகாப்பு.

அடுத்த ஓட்டை, கம்பெனிப் பதிவாளர் அலுவலகம். ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு ₹100 கூடுதல் கட்டணம். இரண்டும் ஒரு வருடம் கிடந்தால் ₹73,000. 8 லட்சத்தில் இது சின்னத் தொகையே அல்ல. ₹1 கோடி வரையிலான கடனுக்கு 85% உத்தரவாதம் அந்த மத்திய திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வங்கி மேலாளர் முதலில் கேட்பது தணிக்கையான கணக்கைத்தான். மண்டியில் ரொக்கமாக வாங்கிய விற்பனைப் பணத்தையும் அன்றன்றே வங்கிக் கணக்கில் கட்டிவிடுங்கள்.