பாக்கெட்டின் பின்பக்கம்

2015-இல் சிட்னிக்கு வந்து வென்ட்வொர்த்வில்லில் வீடு எடுத்தோம். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் நடக்கிற தூரத்திலேயே கிடைத்தன. சமையலுக்குக் குறைவில்லை. மகளின் பள்ளி டப்பாவில்தான் திணறினேன். இட்லி கொண்டுபோக மாட்டேன் என்றாள். சரி, மற்றப் பிள்ளைகள் கொண்டுவருவதையே வாங்குவோம் என்று கொழுப்பு குறைத்த பழத் தயிர், ஓட்ஸில் செய்த மியூஸ்லி பார், ஆப்பிள் ஜூஸ் என்று அடுக்கினேன். அட்டையில் பழத்தோட்டம், பச்சை இலை. பிள்ளைக்கு நல்லதைத்தான் கொடுக்கிறேன் என்று நம்பியிருந்தேன்.

மறு வருடக் குளிர்காலத்தில் 'தட் சுகர் ஃபிலிம்' ஆவணப்படத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தார் கணவர். ஆஸ்திரேலிய நடிகர் டேமன் கேமோ தன் உடம்பையே வைத்து எடுத்த படம். 60 நாள், தினமும் 40 டீஸ்பூன் சர்க்கரை. அதில் சாக்லேட், ஐஸ்கிரீம், குளிர்பானம் எதுவும் கிடையாது. உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும் சாமான்களிலிருந்தே அத்தனையும் வந்தது. எட்டரை கிலோ எடை கூடி, ஈரலில் கொழுப்பும் சேர்ந்தது. ஒருவர் உடம்பில் நடந்ததை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் அவர் தின்றதெல்லாம் என் ஃபிரிட்ஜில் இருந்தது.

படம் முடிந்ததும் ஜூஸ் டப்பாவைத் திருப்பினேன். 250 மில்லியில் 26 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்கு நாலு கிராம். காலி டம்ளரில் ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டேன். ஆறு போட்டு, ஏழாவதில் பாதி போட்டபோது கை நின்றுவிட்டது. பெரியவர்களுக்கே நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. எங்கள் அப்பாவுக்கு நாற்பத்தைந்திலேயே சர்க்கரை வந்து, காலில் புண் ஆறாமல் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு கடையில் எதை எடுத்தாலும் முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறேன். இங்கே சத்து அட்டவணையில் 'ஒரு பரிமாறலுக்கு', '100 கிராமுக்கு' என்று இரண்டு வரிசை இருக்கும். பரிமாறல் அளவைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்வதால், ஒப்பிட 100 கிராம் வரிசையே உதவும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். ஆனால் தேன், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு அடர்வு என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் கீழே போய்விடும். மியூஸ்லி பாரில் ஓட்ஸ் முதலில் நிற்பது பல நேரம் இப்படித்தான். தயிரில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: பாலுக்கே உரிய சர்க்கரை 100 கிராமுக்கு ஐந்து கிராம் அளவுக்கு இருக்கும், அதற்குக் குற்றம் சொல்லக் கூடாது. நான் பார்த்த பழத் தயிரில் 14 கிராம் இருந்தது.

அப்புறம் தயிரை வீட்டிலேயே உறை ஊற்ற ஆரம்பித்தேன். ஜூலைக் குளிரில் முதல் மூன்று தடவை உறையவே இல்லை. கேக் சுடும் ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி வையுங்கள் என்றார் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. மறுநாள் காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு ஸ்ட்ராபெரியை நறுக்கிப் போட்டு டப்பாவை மூடினேன்.