சாப்பிட்டால் மட்டும் வியர்க்கும் கன்னம்

காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் எச்சில் சுரப்பியான பரோடிட் சுரப்பியில் ஆபரேஷன் ஆன யாருக்காவது, சாப்பிடும்போது காதோரக் கன்னத்தில் மட்டும் வியர்த்தால், டாக்டரிடம் போவதற்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போது அந்தக் கன்னத்தைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இந்த யோசனை முதலிலேயே வராததால் எனக்குப் பதினான்கு மாதம் வீணாய்ப் போனது.

எனக்கு வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆபரேஷனும் தையல் பிரித்ததும் நல்லபடியாக முடிந்தன. எட்டாவது மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் சாதம் சாப்பிடும்போது வலது கன்னத்தில் ஏதோ வழிந்தது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. "என்ன மாப்ளே, ஒரு பக்கம் மட்டும் இப்படி வேர்க்குது?" என்று பக்கத்து இலை மாமா கேட்டார். அதற்கப்புறம் புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம் என எது வாயில் பட்டாலும் அதேதான். தோல் சிவந்து, சூடாகி, முத்து முத்தாக வியர்க்கும். கை கழுவி வந்த கொஞ்ச நேரத்தில் சுவடே இருக்காது.

சுவடு இல்லாததுதான் சிக்கல். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் காலையில் டோக்கன் வாங்கி மதியம் உள்ளே போனால், அந்த நேரத்தில் என் கன்னம் காய்ந்து கிடக்கும். "சிரிங்க, கண்ணை இறுக்கி மூடுங்க, புருவத்தைத் தூக்குங்க" என்றார் டாக்டர். எல்லாம் சரியாகச் செய்தேன். "நரம்பு நல்லா இருக்கு. நம்ம மதுரை வெயிலுக்கு வேர்க்காம இருக்குமா?" என்று அனுப்பிவிட்டார். அடுத்து போன தோல் டாக்டர் அலர்ஜிக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் தழும்பு வழியாக எச்சில் கசிகிறதோ என்று ஸ்கேன் எழுதினார். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அதற்குள் வெளியில் சாப்பிடுவதையே விட்டிருந்தேன். ஆபீஸில் தனியாகப் போய் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

வீடியோ எடுத்தது என் மனைவி. அதை, நாங்கள் நான்காவதாகப் போய்ப் பார்த்த தலை, கழுத்து அறுவை மருத்துவரிடம் காட்டினோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "ஃப்ரே சிண்ட்ரோம்" என்றார். போலந்தைச் சேர்ந்த லூசியா ஃப்ரே என்ற நரம்பியல் மருத்துவர், குண்டடிபட்ட ஒரு படைவீரரிடம் இதைக் கண்டு 1923-இல் விளக்கி எழுதியதால் இந்தப் பெயராம். அப்புறம் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சிரிக்கச் சொல்லிச் சோதித்தது தசைகளை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பை. எனக்குக் கெட்டதோ நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தானியங்கு நரம்பு இழைகள். பரிவு, எதிர்ப்பரிவு என்று அவற்றில் இரண்டு வகை. பரோடிட் சுரப்பிக்கு எச்சில் சுரக்கச் சொல்லும் எதிர்ப்பரிவு இழைகள் ஒன்பதாவது மூளை நரம்பில் கிளம்பி, நடுக்காது வழியாக வந்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஓட்டிக் நரம்பு முடிச்சில் இழை மாறுகின்றன. பிறகு ஐந்தாவது நரம்பின் கிளையான ஆரிகுலோடெம்போரல் நரம்போடு ஒட்டிக்கொண்டு சுரப்பிக்குப் போகின்றன. வியர்வைச் சுரப்பிக்கான பரிவு இழைகள் வருவது வேறு பாதை. மேல்மார்புத் தண்டுவடத்தில் தொடங்கி, கழுத்தில் ஒரு முடிச்சில் மாறி, ரத்தக்குழாய்ச் சுவர்களைப் பற்றிக்கொண்டு முகத்துக்கு ஏறுகின்றன. சுரப்பியை அறுக்கும்போது இரண்டும் அறுபடுகின்றன. எச்சில் இழை மெதுவாக மறுபடி வளரும்போது, வழி தவறித் தோலில் ஆளில்லாமல் கிடக்கும் வியர்வைச் சுரப்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பரிவு இழைகள் பெரும்பாலும் வேறு வேதிப்பொருளை வெளியிட்டாலும், வியர்வைச் சுரப்பிக்குப் போகிறவை மட்டும் எச்சில் இழையைப் போலவே அசிட்டைல்கோலினைத்தான் வெளியிடுகின்றன. அதனால் கட்டளை அப்படியே பலிக்கிறது. வாயில் புளி பட்டால் கன்னம் வியர்க்கிறது. மாதக்கணக்கில் கழித்து வந்ததற்கும் இந்த வளர்ச்சிதான் காரணம். ஆபரேஷனுக்கு முன்பே இதை யாராவது இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆபரேஷன் நோட்ஸும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கேட்டார் டாக்டர். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இரண்டே வரி. பழைய மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுக்குப் போனேன். "வருஷம் தாண்டின ஃபைல் குடோன்ல இருக்கு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "பழைய அட்டை நம்பர் இல்லாம தேட முடியாது." நம்பரோடு போனால், கைப்பட எழுதிய விண்ணப்பமும் ஆதார் நகலும் வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்ல அந்த ஊழியருக்கு வாய் வரவில்லை. மூன்று அரைநாள் லீவு போச்சு. வெளியே உட்கார்ந்திருந்தபோது ஒரு நர்ஸ் அக்காதான், "பயாப்ஸி ரிப்போர்ட்டை லேப்லயே நகல் கேளுங்க தம்பி" என்றார். பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே இந்த இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எந்த இடத்தில் வியர்க்கிறது என்று கண்டறியும் சோதனை நாளிலும் ஒரு பயணம் வீண். தழும்பை மறைக்க நான் தாடி வளர்த்திருந்தேன். மழித்த, காய்ந்த தோலில்தான் செய்ய முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். போன் செய்து நாள் கொடுத்தவர்கள் இதைச் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் மழித்துக்கொண்டு போனேன். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, கன்னத்தில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவி, எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொன்னார்கள். சில நிமிடத்தில் வியர்த்த இடங்களில் கருநீலப் புள்ளிகள் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்தன. கண்ணாடியில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நான் சொன்னது பொய்யில்லை என்று என் கன்னமே எழுதிக் காட்டியது போல இருந்தது.

அந்த இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகத் தோலுக்குள் போடாக்ஸ் ஊசி போட்டார்கள். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளியேறுவதை அது தடுக்கிறது. ஊசி ஆழமாக இறங்கினால் தசை சில காலம் தளரலாம் என்பதால், இதைச் செய்து பழகியவரிடமே போங்கள். பலன் நிரந்தரம் இல்லை, சில மாதங்கள் கழித்து மறுபடி போட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ போடாக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் அழகு சிகிச்சை என்று நிராகரித்துவிட்டது. ஆபரேஷனின் பின்விளைவுக்கான சிகிச்சை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, சோதனையின்போது எடுத்த போட்டோவையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். பில் போடும்போதே நோயின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

பத்தாவது நாள் வீட்டில் மாங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டேன். மனைவி டிஷ்யூ பேப்பரைக் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். காது மடலுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன ஈரம். மறுபரிசோதனை அன்று அங்கேயும் ஓர் ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.