ஆப்ட் பூட்டும் நிரம்பிய பூட் பிரிவும்

டெபியன், உபுண்டு லினக்ஸில் "பூட்டைப் பெற முடியவில்லை" என்று, மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளை நின்றால், பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயேதான் கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் பூட்டு. நிரல் முடிந்ததும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே பிடியை விடுவித்துவிடும். கோப்பை அழித்தால் இரண்டாவது ஆப்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு உள்ளே நுழையும். இருவரும் ஒரே நேரத்தில் தொகுப்புப் பட்டியலில் எழுதினால் பட்டியலே கெடும். பெரும்பாலும் பிடித்திருப்பது பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட்தான். புதிய பதிப்புகளில் பிழைச்செய்தியிலேயே அதன் புரோசஸ் எண் இருக்கும். முடியும்வரை பொறுங்கள்.

அப்டேட் பாதியில் அறுந்திருந்தால் "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ" கொடுக்க வேண்டும்; ஆப்ட்டுக்கு அடியில் தொகுப்புகளை உண்மையில் நிறுவும் டிபிகேஜி, பாதியில் நின்றவற்றை அமைத்து முடிக்கும். அதுவும் தோற்றால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. அது வெறும் தொகுப்புப் பெயர்களின் பட்டியல். மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். திரையில் ஓடிவிட்டதா? /வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக் கோப்பில் ஆப்ட் ஓடியபோது வந்த செய்திகள் பதிவாகியிருக்கும்; நேரடியாக ஓட்டிய டிபிகேஜியின் செய்திகள் அதில் இருக்காது.

அங்கே "டிஸ்கில் இடம் இல்லை" என்றும் இனிட்ராம்எஃப்எஸ் (கணினி தொடங்கும்போது கெர்னலுடன் ஏற்றப்படும் கோப்பு) என்றும் சேர்ந்து வந்தால், "டிஎஃப் -ஹெச் /பூட்" கொடுத்துப் பாருங்கள். /பூட் அடைவுக்கு டிஸ்கில் தனிப் பிரிவு வைத்த கணினிகளில் பழைய கெர்னல்கள் சேர்ந்து 100% ஆகியிருக்கும். முதன்மையான ரூட் பிரிவில் எவ்வளவு இடம் இருந்தாலும் இதற்கு உதவாது. தேவையற்ற பழைய தொகுப்புகளை நீக்கும் "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்"தான் சரியான வழி. ஆனால் தொகுப்புகள் பாதியில் நிற்பதால் அதுவும் சில நேரம் மறுத்துவிடும்; இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்போது "யுநேம் -ஆர்" கொடுத்து இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொடவே கூடாது. மிகப் பழைய ஒன்றை மட்டும் "சூடோ டிபிகேஜி --பர்ஜ்" மூலம் நீக்குங்கள். உபுண்டுவில் அந்த எண்ணுக்குரிய மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா தொகுப்பு (கூடுதல் டிரைவர்கள்) கெர்னல் இமேஜ் தொகுப்பைச் சார்ந்திருக்கும்; இரண்டு பெயரையும் ஒரே கட்டளையில் கொடுக்காவிட்டால் சார்பு அறுகிறது என்று மறுக்கும். பூட் அடைவில் நேரடியாக ஆர்எம் (கோப்பை அழிக்கும் கட்டளை) போடாதீர்கள். கோப்பு போகும், ஆனால் அந்தக் கெர்னல் இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி நினைக்கும்.

இடம் கிடைத்ததும் மறுபடி கன்ஃபிகர், பிறகு "சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்". ஒய் (Y) அழுத்தும்முன் நீக்கப்படும் தொகுப்புகளின் பட்டியலைப் படியுங்கள்; டெஸ்க்டாப்பே அதில் இருந்தால் "என்" (N) எழுத்தைக் கொடுத்து வெளியேறிவிடுங்கள். கடைசியாக "டிபிகேஜி --ஆடிட்". எதுவும் அச்சிடாமல் திரும்பினால் பாதியில் நிற்கும் தொகுப்பு இல்லை. ரீபூட் அதற்குப் பிறகுதான்.