அப்பாவின் டிபி சிகிச்சையும் ஒரு டாக்டரம்மாவின் பேச்சும்

அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கல் அறுத்தும் பாலிஷ் போட்டும் காலம் தள்ளியவர். இருமல் அவருக்குப் புதிதில்லை. ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற வேர்வை, வேட்டி இடுப்பில் நிற்காத இளைப்பு என்று சேர்ந்து வந்தபோது பயந்துபோனோம். முதலில் போன தனியார் கிளினிக்கில் இருமல் மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா இளவயசுக்காரர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலை பாத்தீங்கய்யா?" கல் வேலை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி ஊத்தி அறுப்பீங்களா, காய்ஞ்ச கல்லையே அறுப்பீங்களா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் எந்த டாக்டரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும், அப்படிப்பட்ட நுரையீரலில் டிபி சுலபமாகப் பிடிக்கும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் முடிந்து ரிசல்ட் வந்த அன்று, சிஸ்டரிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தே சொன்னார்: "ஐயா, சளியில டிபி கிருமி இருக்கு. மாத்திரைக்குக் கட்டுப்படுற கிருமிதான். ஆறு மாசம் விடாம போட்டா குணமாயிடும்." அதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா பேசவில்லை. டாக்டரம்மாவும் பேசவில்லை, எதுவும் எழுதவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: "பேத்தி என் மடியிலதாங்க தூங்கும். அதுக்கும் வந்திருக்குமா?"

தன் உடம்பைவிட அதுதான் அவருக்குப் பெரிய பயம். அந்த அமைதி இல்லாமல் போயிருந்தால் அந்தக் கேள்வி வெளியே வந்தே இருக்காது. தம்பி மகளுக்கு நாலு வயசு. அவளையும் வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார். டிபி இல்லை என்று உறுதியானபின் குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம், இது இருமும்போது காற்றில் பரவுவது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாயைத் துணியால் மூடிக்கொண்டு இருமச் சொல்லுங்கள் என்றார். சரியான மாத்திரை இரண்டு வாரம் உள்ளே போனாலே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுமாம்.

பிறகு என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டாராம். இந்த மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்படலாம் என்பதால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். பெற்ற பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு அப்பா நிச்சயம் இல்லையென்றே சொல்லியிருப்பார். எச்.ஐ.வி., சர்க்கரை டெஸ்டுகளைப் பற்றியும், "டிபி வந்த எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அவர் மனசு நோகவில்லை.

எனக்கு மறக்காதது மாத்திரை கொடுத்த விதம்தான். அப்பா எடை 46 கிலோ, அதனால் தினம் மூன்று மாத்திரை. எல்லாம் விளக்கிவிட்டு அட்டையை அப்பா கையில் கொடுத்து, "இப்ப நீங்க சொல்லுங்க, நாளைக்கு எப்படிப் போடுவீங்க?" என்றார். அப்பா உடனே, "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." மூன்று மாத்திரை என்றால் எங்கள் வீட்டில் அதுதானே கணக்கு! டாக்டரம்மா கோபப்படவில்லை. "நான்தான் புரியற மாதிரி சொல்லல. மூணும் ஒண்ணா, காலையில வெறும் வயித்துல" என்று சொல்லி, திரும்பவும் அப்பாவையே சொல்லவைத்தார். "மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க. ஆனா கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்காம வந்தாலோ உடனே ஓடி வந்துடணும்." மறுநாளே அப்பா கூப்பிட்டுச் சொன்னார், "டாக்டரம்மா சொன்ன மாதிரியே போகுது." சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

2019-ல் சேர்ந்தவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவதும் நடந்துகொள்வதும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அது வெறும் பரீட்சைப் பாடமாகப் போய்விடக் கூடாது என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இரண்டாவது மாதம் இருமல் நின்றது, கேழ்வரகுக் களி பழையபடி உள்ளே இறங்கியது. "நல்லாயிடுச்சேன்னு தோணும், அப்பதான் நிறைய பேரு நிறுத்திடறாங்க" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் அப்பா நிறுத்தவில்லை. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வீதம் அரசுப் பணம் அப்பாவின் பேங்க் கணக்கில் விழுந்தது, முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் ஆனது. நான் செய்தது ஒன்றுதான்: கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அதில் முக்கியமான மூன்றை முதலில் கேட்டுவிடுவேன். ஓ.பி. கூட்டத்தில் அதற்குத்தான் நேரம் இருக்கும்.

சிகிச்சை முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அப்பாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா மழுப்பவில்லை. "டிபி போயிடுச்சுங்கய்யா. தூசியால விழுந்த தழும்பு போகாது, அதை ஆத்த மருந்தும் இல்ல. இனிமே பட்டறைப் பக்கம் போகாதீங்க." வேறு என்ன வேலை செய்ய முடியும் என்றும் கேட்டார். அப்பா இப்போது ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது மாங்காய் சீசன் முடிந்ததும்.