கொழுந்து, கவாத்து, ஆங்கில வினைச்சொல்: நான்கு மாத அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு இலை எடுக்கப் போக முடியாத ஒரு நாளில், மகள் பாதி எழுதி விட்ட நோட்டு ஒன்றை எடுத்து இதை ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரே விதமாக மாறும் வினைச்சொற்கள் மட்டும், தினம் ஒன்று, எல்லாக் காலத்திலும் எழுதிப் பார்ப்பது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த விஷயம். இந்த முறை புரிந்து எழுத ஆசை.

சொற்களை எங்கள் வேலையிலிருந்தே எடுத்தேன். கொழுந்து பறிக்க பிளக், செடியை வெட்டி விடும் கவாத்துக்கு ப்ரூன், களை எடுக்க வீட், நாற்று நட பிளான்ட். பேக்டரிக்குள் போனால் இலையை வாட வைக்க விதர், உருட்ட ரோல், உலர்த்த ட்ரை, தரம் பிரிக்க சார்ட். இத்தனையும் ஒழுங்கு வினைகள்!

முதல் வாரம் சுலபம். தமிழில் பறித்தேன், பறித்தாய், பறித்தான், பறித்தாள், பறித்தார், பறித்தோம், பறித்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் பிளக்ட் ஒன்றுதான். நிகழ்காலத்தில் அவன், அவள், அது வரும்போது மட்டும் ஒரு எஸ். பிளக், பிளக்ஸ், பிளக்ட், பிளக்கிங் என்று நாலே வடிவம். மற்றதையெல்லாம் முன்னால் வரும் சின்னச் சொற்கள் சுமக்கின்றன.

இரண்டாவது வாரம் உச்சரிப்பில் மாட்டிக்கொண்டேன். இறந்தகாலத்துக்கு எழுதும்போது ஈ, டி என்று ஒரே விகுதி. வாயில் வரும்போது அது மூன்று ஒலி. தமிழ் எழுத்தில் குறித்தால் பிளக்ட், ப்ரூன்ட் இரண்டும் ‘ட்’ என்றே முடிகின்றன, வித்தியாசம் தெரியவில்லை. தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பிளக், பேக் (மூட்டை கட்டுவது) என்று முடியும்போது தொண்டை அதிர்வதில்லை. அங்கே விகுதியும் அதிராத, வல்லின ‘ட்’. ப்ரூன், ரோல் என்று முடியும்போது அதிர்கிறது. விகுதியும் அதிர்ந்து, ‘வண்டி’யில் வரும் டகரம் போல மெலிகிறது. வீட், பிளான்ட், சார்ட் போன்றவை ஏற்கெனவே டகரத்தில் முடிவதால் இன்னொன்றை அப்படியே ஒட்ட முடியாது. நடுவில் ஓர் உயிர் நுழைந்து வீடட், பிளான்டட், சார்ட்டட் என்று ஓர் அசை கூடுகிறது. அதிர்வதைச் சிவப்பு மையிலும் அதிராததை நீல மையிலும் எழுத ஆரம்பித்த பிறகுதான் நாக்கு பழகியது.

நம் நன்னூலும் இறந்தகாலத்துக்குப் பல இடைநிலைகளைச் சொல்கிறது. செய்தான், உண்டான், கற்றான், உருட்டினான் என்று த், ட், ற், இன் வருகின்றன. நாம் ஒலிக்கிறபடி எழுதிவிடுகிறோம், அவர்கள் ஒன்றாக எழுதி மூன்றாக ஒலிக்கிறார்கள். இது தெரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எழுத்துக்கூட்டல் விதிகள் அதிக நாள் எடுக்கவில்லை. ட்ரை என்பதில் ஒய் போய் ஐ வரும், ப்ரூன் என்பதில் ஏற்கெனவே ஈ இருப்பதால் டி மட்டும் போதும், ஸ்டாப் என்பதில் பி இரட்டிக்கும்.

அப்புறம் ‘ஹேவ்’. பறித்திருக்கிறேன், பறித்திருந்தேன், பறித்திருப்பேன் என்று நாம் ‘இரு’வைச் சேர்க்கும் இடத்தில் அவர்கள் ஹேவ், ஹேட், வில் ஹேவ் சேர்க்கிறார்கள். இது அழகாகப் பொருந்தியது. ஆனால் ‘நேற்றே பறித்திருக்கிறேன்’ என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் நேற்று வந்தால் ‘ஹேவ் பிளக்ட்’ நிற்காது, வெறும் பிளக்ட்தான். ‘இருபது வருஷமாக இலை எடுக்கிறோம்’ என்பதை அப்படியே நிகழ்காலத்தில் சொல்வதும் தப்பு. ஹேவ் பீன் பிளக்கிங் என்று வர வேண்டும். ஊர் பார்க்க வந்தவர்களிடம் இத்தனை வருஷம் நான் தப்பாகவே சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் பதினோரு முறை எழுதினேன்.

‘டிட் நாட் பிளக்ட்’ என்று கை தானாகவே எழுதும். அதற்கும் தமிழே மருந்து. பறித்தேனில்லை என்று நாம் பேசுவதில்லை; பறிக்கவில்லை என்கிறோம். வினை காலத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறது. ஆங்கிலத்திலும் காலத்தை டிட் எடுத்துக்கொண்டதால் பிளக் வெறுமனே நிற்கிறது.

மார்கழியில் பனி விழுந்து இலை குறைந்ததும் நேரம் கிடைத்தது. காலங்களை விட்டு ஏவல், விருப்பம், நிபந்தனைக்குப் போனேன். ஏவல் ஒன்றுமில்லை, ‘பறி’ போலவே வெறும் பிளக். நிபந்தனையில்தான் வியப்பு. நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்ல ‘இஃப் இட் ரெய்ன்ட்’ என்று இறந்தகால வடிவம் போடுகிறார்கள். நாளைய மழைக்கு ஏன் நேற்றைய உடுப்பு என்று குழம்பினேன். ‘பெய்தால்’ என்பதைப் பிரித்துப் பார்த்தேன்: பெய், த், ஆல். நம் சொல்லுக்குள்ளும் அதே இறந்தகாலத் த்! பறித்திருந்தால் என்பது ‘இஃப் ஐ ஹேட் பிளக்ட்’.

மகள் பத்தாம் வகுப்பு. ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டு, “அப்பா, ‘காட் ப்ளெஸ் யூ’ன்னு வேன் பின்னாடி எழுதியிருக்கே, காட் ஒருத்தர்தானே, ஏன் ப்ளெஸஸ் இல்ல?” என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிடிபட்டது. கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்ற செய்தி இல்லை அது. ஆசீர்வதிப்பாராக என்ற வேண்டுதல். நம் வியங்கோள், வாழ்க, வருக மாதிரி. எஸ் இல்லாமல் நிற்பதுதான் அதன் அடையாளம். ஒழுங்கு வினைகளில் இந்த அடையாளம் அவன், அவள், அதுவோடு வரும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஐ, யூ, தே என்று வந்தால் சாதாரண நிகழ்காலத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ‘அவன் இலையை எடை போட வேண்டும் என்று வற்புறுத்தினேன்’ என்பதிலும் ‘தட் ஹீ வெய்’ என்று எஸ் இல்லாமலே வருகிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் நோட்டிலும் எழுதிக்கொண்டாள்.

இதுவரை 94 சொற்கள். வில் ஹேவ் பீன் பிளக்கிங் என்ற கட்டம் மட்டும் பல பக்கங்களில் காலியாக இருக்கிறது. அதற்கு இயல்பான வாக்கியம் எனக்கு அமைவதில்லை. நாளைக்கு ஸ்ப்ரே. அதில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் ஒய் போகாது, ட்ரை மாதிரி மாறாது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.