எரர் கோடே காட்டாத ஈஎஸ்சி கோளாறு

டாஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஈஎஸ்சி-யில் (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்துக் காப்பது) ஏதோ கோளாறு. விட்டுவிட்டு மின்னினால், அந்த நொடியில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. என் எஸ்யூவியில் வந்தது இரண்டாவது வகை, அதுவும் வேலையே இல்லாத இடத்தில். சர்வீஸ் சென்டரில் நான் பட்ட பாடெல்லாம் இதனால்தான்.

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. பெங்களூரிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். இடது பக்கம் திரும்பும் வளைவு ஒன்றில் முன்னால் கிர்ர்ரென்று அரைக்கும் சத்தம். நான் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. வலது முன்சக்கரம் தானாகப் பிடித்து, வண்டி மீடியன் பக்கம் போகப் பார்த்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை. விளக்கு மின்னி அணைந்தது. அடுத்து வந்த வலது வளைவில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த இடது வளைவில் மறுபடியும் அதே கதை. பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, மெதுவாத்தான் போயேன்" என்றார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். "சார், ஒரு எரர் கோடும் இல்ல. வண்டி கிளீனா இருக்கு." ஜாப் கார்டில் 'முன்சக்கரத்தில் சத்தம்' என்று எழுதி, பிரேக் பேட் மாற்றலாம் என்றார் அட்வைசர். பேட் பாதிகூடத் தேயவில்லை. அடுத்த முறை போனபோது பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாட்யூலையே மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும், எழுதியதை அடித்துவிட்டு நான் சொல்கிறபடி எழுதச் சொன்னேன்: 'இடது வளைவில் மட்டும், 60 கி.மீ. வேகத்துக்கு மேல், ஈஎஸ்சி தானாக வேலை செய்கிறது.'

'இடது' என்ற அந்த ஒரு சொல்தான் கதவைத் திறந்தது. அதைப் படித்த மூத்த டெக்னீஷியன் நேராக என்னிடம் வந்து, "சமீபத்துல அலைன்மென்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். பண்ணியிருந்தேன். டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) மாற்றி, வெளியே ஒரு கடையில்.

ஸ்கேனரை மாட்டியபடியே என்னை ஓட்டச் சொன்னார். நேரான சாலை, ஸ்டியரிங்கும் நேராகத்தான் இருக்கிறது. லைவ் டேட்டாவில் வண்டி திரும்பும் வேகம் பூஜ்யம். ஆனால் ஸ்டியரிங் கோணம் வலது பக்கம் 11 டிகிரி! பணிமனைக்குத் திரும்பி, ஏர்பேக்கைக் கழற்றிக் காட்டினார். ஸ்டியரிங் வீலிலும் தண்டிலும் கம்பெனியில் போட்டு வரும் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங் கோணலாக நின்றிருக்கும். இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பி நேராக்குவதற்குப் பதில், வீலையே கழற்றி நேராக மாட்டிவிட்டார்கள். ஏர்பேக் இருக்கிற வீலை! பார்க்க நேராக இருக்கும். உள்ளே இருக்கும் சென்சாருக்கோ நான் எப்போதும் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிற ஆள்.

ஈஎஸ்சி செய்வது இதுதான்: ஓட்டுநர் எங்கே போகப் பார்க்கிறார் என்பதை ஸ்டியரிங் கோணத்திலிருந்தும், வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதை, அது திரும்பும் வேகத்தை அளக்கும் யா சென்சாரிலிருந்தும் எடுத்து ஒப்பிடும். இடது வளைவில் நான் திருப்பியது அதன் கணக்கில் குறைவு, வண்டி திரும்பியது அதிகம். பின்பக்கம் வழுக்குகிறது என்று முடிவு கட்டி, வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடித்து, இன்ஜின் சக்தியையும் குறைத்துவிட்டது. 11 டிகிரி என்பது ஸ்டியரிங் வரக்கூடிய கோணம்தானே, அதனால் சென்சார் பழுது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றவில்லை. கோடும் விழவில்லை.

வீலைக் குறிக்கு நேராக மாட்டி, டை ராடைச் சரிசெய்து, சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங் சென்சாருக்கும் யா சென்சாருக்கும் ஜீரோ செட்டிங் போட்டார்கள். ஒரு பார்ட்டும் மாற்றவில்லை. வேலைக்கூலி மட்டும்தான்.

இதற்கு நடுவில் ஒரு நண்பர், "ஆஃப் பட்டனை அமுக்கிட்டு ஓட்டு" என்றார். அதைச் செய்யவில்லை. உயரமான வண்டிகளுக்குத்தான் ஈஎஸ்சி அதிகம் தேவை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் 2004 ஆய்வில், ஒரே வண்டி மட்டும் சிக்கும் விபத்துகள் ஈஎஸ்சி உள்ள கார்களில் 35 சதவீதம் குறைந்தன, எஸ்யூவிகளில் 67 சதவீதம். என் வண்டியில் வேண்டாத இடத்தில் வந்தது. 2010-இல் டொயோட்டாவின் லெக்சஸ் ஜிஎக்ஸ் 460 எஸ்யூவியில் நடந்தது இதற்கு நேர்மாறு. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே போக, ஈஎஸ்சி தாமதமாக வந்தது என்று சொல்லி, பொருட்களைச் சோதித்து எழுதும் அமெரிக்கப் பத்திரிகை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 'வாங்காதீர்கள்' என்றே போட்டது. டொயோட்டா சாஃப்ட்வேரைத் திருத்தியது. மறுசோதனைக்குப் பிறகு அடுத்த மாதமே அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அலைன்மென்ட்டுக்கு வண்டியை விடும் முன், ஸ்டியரிங் சென்சாரை ஜீரோ செய்ய ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்கிறேன். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பழைய கடைக்காரரிடம் 11 டிகிரி காட்டிய ஸ்கேனர் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஆனா ஸ்டியரிங் நேராத்தானே சார் இருந்துச்சு?" என்றார்.