ஹீரோவின் கடைசிக் காவல்

வாடை தொடங்கிவிட்டால் திருகோணமலையில் கோணேசர் மலைக்குக் கீழே கடல் பாறையில் மோதும் ஓசை இரவு முழுவதும் ஓயாது. அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் கிரேக்கர்களின் பழங்கதை ஒன்று எனக்கு நினைவுக்கு வரும். இன்றைய துருக்கியிலுள்ள தார்தனெல்சு நீரிணையின் ஒரு கரையான செஸ்டோசில் அப்ரோடைட்டி கோயிலின் பூசாரிணி ஹீரோ இருந்தாள் (பெயரைப் பார்த்துக் கதாநாயகன் என்று மயங்க வேண்டாம்). எதிர்க்கரையான அபிடோசிலிருந்து லியாண்டர் இரவுதோறும் அவள் ஏற்றிவைக்கும் விளக்கைக் குறிவைத்து நீந்தி வருவான். புயலடித்த ஓர் இரவில் விளக்கு அணைந்தது, அவன் மூழ்கினான், அவள் கோபுரத்திலிருந்து குதித்தாள். 1810 மே மாதத்தில் ஆங்கிலக் கவிஞர் பைரன் அதே நீரிணையை ஒரு மணி பத்து நிமிடங்களில் நீந்திக் கடந்தார் என்பதால், நீந்த முடியாத தூரம் என்று கதையைத் தள்ளிவிடவும் முடியாது.

நம்மிடமும் இதற்கு உறவான கதை உண்டு. காவிரி கொண்டுபோன தன் கணவன் ஆட்டனத்தியைத் தேடி, "கல்நவில் தோளாயோ" என்று அரற்றியபடி ஆதிமந்தி ஓடினாள். ஆனால் சிலப்பதிகாரத்தில் கடலே அவனைக் கொண்டுவந்து அவள்முன் நிறுத்திவிடுகிறது. ஐரோப்பிய ஓவியர்களின் கடலுக்கு அந்த இரக்கம் இல்லை.

1600களின் தொடக்கத்தில் ரூபன்ஸ் வரைந்த ஓவியத்தில் அலைகள் மலைபோல் சுருண்டு எழ, கடற்கன்னியர் லியாண்டரின் வெளிறிய உடலை ஏந்திச் செல்ல, ஓரத்தில் ஹீரோ விழுந்துகொண்டிருக்கிறாள். இந்த ஓவியம் சில காலம் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கையில் இருந்தது. 1837இல் டர்னர் காட்சிக்கு வைத்த ஓவியத்திலோ மாளிகைகளும் வானும் கொந்தளிக்கும் நீருமே பெரிதாக நிற்கின்றன. காதலரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டையும் வியக்கிறேன், ஆனால் இரண்டிலும் கடலே வென்றுவிடுகிறது.

என் மனம் நிற்பது 1887இல் பிரெடெரிக் லைட்டன் வரைந்து, இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கும் ஓவியத்தில்தான். அதில் ஹீரோ திரைச்சீலையை விலக்கி வெளியே பார்க்கிறாள், அவ்வளவுதான். அவள் பார்க்கும் கடல் ஓவியத்தின் இந்த மேற்பகுதியில் இல்லை, ஏனெனில் அது இருக்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். அதற்குக் கீழே, தனியான ஒடுங்கிய பட்டையில், சாம்பல் நிறத்தில் மட்டும், பாறைமேல் ஒதுங்கிய லியாண்டரின் உடல் கிடக்கிறது. நமக்குத் தெரிந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்பா கடற்றொழிலுக்குப் போன இரவுகளில் காற்றுப் பிடித்தால் அம்மா கரைக்குப் போகமாட்டார். வாசலில் பழைய சேலையைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்த திரையை ஒதுக்கிப் பார்ப்பார், விடுவார், மறுபடியும் ஒதுக்குவார். சென்ற வாரம் இந்தப் படத்தைக் கைபேசியில் அவருக்குக் காட்டினேன்.

"கீழ கிடக்கிறது ஆர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கைபேசியை வாங்கி, பெருவிரலால் அந்தச் சாம்பல் பட்டையை மறைத்துக்கொண்டு, மேலே இருப்பவளின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.